வீச்சின் வலிமை எங்கே இருக்கிறது?

வலிமை என்றதும் நாம் எல்லோரும் கையை மடக்கிப் புஜத்தைத்தான் தொட்டுக் காட்டுகிறோம். எறிபந்து ஆட்டத்தில் பந்து வலையைத் தாண்டாமல் விழுந்தால், "காலையில் சாப்பிடவில்லையா? கையில் தெம்பு இல்லையா?" என்று ஓரத்தில் நிற்பவர்கள் கேட்கிறார்கள். வட்டெறியும் தோழி பின்தங்கினால் அவளுடைய மெலிந்த தோளைப் பார்த்து, "இவளுக்கு இது சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவு தவறு என்பது எங்கள் கருத்து. வீசுவதும் அடிப்பதும் எறிவதும் கையின் வேலை என்று எண்ணுவதால் பெண்பிள்ளைகளாகிய நமக்குப் பெரிய நட்டம் விளைகிறது. கை கடைசியில் வருவது. அதற்கு முன்னால் பாதமும் தொடையும் இடுப்பும் முதுகும் தோளும் முறைப்படி திரும்பியாக வேண்டும். திரும்ப இயலாத உடம்பில் எத்தனை தெம்பு இருந்தாலும் அது கைக்கு வந்து சேராது.

இதை விளக்க நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் ஆட்டம் கோல்ப். "கடலூரில் கோல்ப் யார் ஆடுகிறார்கள்?" என்று தோழியர் சிரிப்பது எங்கள் காதில் விழுகிறது. சிரிப்பில் நியாயம் இருக்கிறது. கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரர்கள் சங்கம் அமைத்து ஆடத் தொடங்கிய ஆட்டம் அது. நம் மாநிலத்தில் உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற இடங்களில் அதற்கென்று பரந்த புல்வெளிகள் உண்டு. நிலமும் பணமும் வேண்டிய ஆட்டம். அந்தக் கோலைக் கையில் பிடிக்கும் வாய்ப்பு எங்களில் ஒருவருக்கும் இதுவரை கிடைக்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. ஆனாலும் உடம்பின் பாடத்தைப் படிக்க அதைப்போல் வசதியான ஆட்டம் வேறில்லை. ஏனென்றால் அங்கே பந்து அசையாமல் காத்திருக்கிறது. பூப்பந்தில் தவறினால் எதிராளி தந்திரமாக அடித்தாள் என்று சொல்லித் தப்பிக்கலாம். வளையப்பந்தில் தவறினால் கடற்காற்றின் மேல் பழி போடலாம். கோல்ப் பந்தோ தரையில் கிடக்கிறது. 46 கிராமுக்கு மேற்படாத எடை. எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரிது. ஆட்டக்காரி ஆயத்தமாகும் வரை அது பொறுமையாக இருக்கும். அதை எவரும் எறிவதில்லை, தடுப்பதுமில்லை. ஆகவே அடி தவறினால் தவறு முழுவதும் உடம்பின் அசைவிலேயே இருக்கிறது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் பலருக்கும் நினைவிருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் அன்று மாலை நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். அதே நாள் காலையில், விடியும் முன்பே எழுந்து தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவர்கள் இன்னொருவரையும் பார்த்தார்கள். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் என்ற 23 வயதுப் பெண், கோல்ப் போட்டியில் 60 பேருள் நான்காவதாக வந்தார். ஒரே ஓர் அடி குறைந்திருந்தால் பதக்கத்துக்கான ஆட்டத்தில் நின்றிருப்பார். அவர் அந்தப் போட்டியில் முதலடியில் பந்தை மிகத் தொலைவுக்கு அனுப்பியவர்களுள் ஒருவர் அல்லர். தூரக் கணக்கில் கடைக்கோடியில் இருந்தார். அதே ஆண்டில் கொரோனா நோய் கண்டு வலுக் குறைந்திருந்தார். அப்படியும் உலகின் முதல் வீராங்கனைக்கு நான்கு நாட்கள் ஈடுகொடுத்தார் என்றால், ஒரே வீச்சை ஒரே மாதிரி, உடம்பு தடுமாறாமல், நூறு முறை கேட்டாலும் நூறு முறையும் வீசக் கற்றிருந்தார் என்பதுதான் பொருள். குழியருகே பந்தை உருட்டுவதில் அவர் கெட்டிக்காரர் என்பதும் உண்மையே. பின்னர் 2023இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். அப்போட்டியின் கோல்ப் ஆட்டத்தில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

அந்த வீச்சில் நடப்பது என்ன? பந்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, இடுப்பிலிருந்து முன்னே குனிந்து நிற்கிறார்கள். முதுகு கூனாமல் நேராக இருக்கிறது. வாசலில் கோலம் போடும்போது அனுபவமுள்ள பாட்டிமார் குனிகிறார்களே, அந்தக் குனிவு. நம்மைப் போன்றவர்கள் கோலம் போடும்போது முதுகை வில்லாக வளைத்து ஐந்தே நிமிடத்தில் "அம்மா" என்று நிமிர்கிறோம், அந்தக் குனிவன்று. பிறகு கோல் பின்னே போகிறது. கோலோடு தோள்கள் ஏறத்தாழ 90 பாகை திரும்புகின்றன. இடுப்பு அதில் பாதியளவு, 45 பாகை போலத் திரும்புகிறது. மேலே அதிகம், கீழே குறைவு. இந்த வேறுபாட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஈரத்துணியை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கினால் துணி இறுகுவதுபோல, இடுப்புக்கும் தோளுக்கும் இடையே உள்ள தசைகள் இழுபட்டு இறுகுகின்றன. நீட்டிய தசை உடனே சுருங்கும்போது வழக்கத்தைவிட அதிக விசை தரும். குதிக்குமுன் நாம் சற்றே குந்திக்கொள்வதும் இதற்காகவே. அதை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை, உடம்புக்கே தெரியும்.

அடுத்து வருவதுதான் பலரையும் ஏமாற்றும் இடம். கோல் மேலே முழுவதும் போய் முடியுமுன்பே கீழே இடுப்பு பந்தை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடுகிறது. எடை முன்காலுக்கு மாறுகிறது. முதலில் இடுப்பு விரைந்து திரும்பிப் பின் வேகம் குறைகிறது. அது விட்ட வேகத்தை மார்பு வாங்கிக்கொள்கிறது. மார்பு குறையும்போது கைகள் வாங்கிக்கொள்கின்றன. கைகள் குறையும்போது கோலின் நுனி வாங்கிக்கொள்கிறது. சாட்டையைச் சொடுக்குபவரின் கைப்பிடி சற்றே அசைய, நுனியில் "படார்" என்று வெடிக்கிறதல்லவா? அதே கதைதான். தேர்ந்த வீராங்கனையின் கோல்நுனி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்தைத் தொடுகிறது. பின்னே கொண்டுபோக ஏறக்குறைய முக்கால் விநாடி, முன்னே கொண்டுவரக் கால் விநாடி. கோலும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியை 2000 கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான். அந்த இமைக்கும் நேரத்தில் கையால் எதையும் திருத்த முடியாது. முன்பே பாதமும் இடுப்பும் முதுகும் செய்து முடித்ததன் பலனைக் கை கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவே. முதலில் கையை வீசிவிட்டுப் பிறகு இடுப்பைத் திருப்புகிறவர்கள் எவ்வளவு பலசாலிகளாக இருந்தாலும் பந்து பக்கத்து மரத்தடிக்குத்தான் போகும்.

இதெல்லாம் வெளிநாட்டார் எழுதிவைத்த கணக்கு என்று எண்ண வேண்டாம். கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். வீச்சுவலை போடும் மீனவர் வலையை மடித்து ஒரு பகுதியைத் தோளிலோ முழங்கையிலோ இட்டுக்கொள்கிறார். மறு பகுதியைக் கையில் பிடித்துக்கொள்கிறார். ஆற்றுக்கு முதுகு காட்டுவதுபோல் உடம்பை ஒரு பக்கமாகத் திருப்புகிறார். ஒரு கணம் நிற்பதுபோல் தோன்றும். மறுகணம் கால் அழுந்த, இடுப்பு சுழல, தோள் தொடர, கை விட்டுவிடுகிறது. ஈயக்குண்டுகள் வெளியே ஓடி, வலை வானத்தில் பூவாக மலர்ந்து, தண்ணீரில் வட்டமாக விழுகிறது. வட்டம் சரியாக விழாவிட்டால் மீன் தப்பிவிடும். பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்தில் தோணியில் நின்றுகொண்டே வீசுகிறார்கள். காலடியில் ஆடும் பலகை மேல் நின்று இந்தச் சுழற்சியைச் செய்வது இன்னும் அரிது. அவர்களுள் தலை நரைத்தவர்களும் இருக்கிறார்கள். கைப்பலத்தை நம்பியிருந்தால் அந்த வயதில் நனைந்த வலையை நாள் முழுவதும் வீச முடியுமா? கோல்ப் ஆசிரியர்கள் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தரும் பாடத்தை அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தந்தையைப் பார்த்துக் கற்றிருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பெண்களில் இதை நன்றாகக் காட்டியவர் ஒருவரும் உண்டு. கடலூரைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018இல் கட்டாக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று வென்று நம் மாநில மகளிர் அணி முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றபோது அவரும் அணியில் இருந்தார். தூரத்திலிருந்து பந்தை உதைப்பதும் இதே வரிசைதான்: ஊன்றிய கால் நிலைக்கிறது, இடுப்பு திறக்கிறது, தொடை வருகிறது, கடைசியில் பாதம். "காலில் என்ன பலம்!" என்று நாம் வியக்கிறோம். இடுப்பைப் பார்த்து வியப்பவர் ஒருவருமில்லை.

பெண்களின் இடுப்பும் முதுகும் இப்படித் திரும்பக் கூடியவை என்பதற்குக் கல்லிலேயே சான்று வேண்டுமானால் கடலூரிலிருந்து பேருந்தேறிச் சிதம்பரம் போகலாம். நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் நுழையும்போது இருபுறமும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். சுற்றுலா போகும் நம் போன்ற மாணவியர் கூட்டம் பெரும்பாலும் தலை குனிந்தே, செருப்பு எங்கே விட்டோம் என்ற கவலையோடே, உள்ளே போய்விடுகிறது. வாயிலின் சுவர்த்தூண்களில் சிறுசிறு கட்டங்களாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஆடும் பெண்களின் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பரதரின் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்கள் அவை. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்த நூலின் சுலோகங்களையும் உருவங்களோடு சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்திலும் கரணங்கள் உண்டு; அங்கே ஆடுபவர் சிவபெருமான், 81 முடிந்து மிச்சம் செதுக்கப்படாமல் நின்றுவிட்டது. சிதம்பரத்திலோ ஆடுபவர்கள் பெண்கள். ஒருத்தி காலைத் தூக்கி நெற்றிக்கு நேரே கொண்டுபோகிறாள். லலாட திலகம் என்று அதற்குப் பெயர். ஒருத்தி காலைப் பின்னே தேளின் கொடுக்குப்போல் மடக்கி உயர்த்துகிறாள். இன்னொருத்தி இடுப்பை ஒரு பக்கமும் மார்பை மறுபக்கமும் முறுக்கி நிற்கிறாள். மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை: கோல்ப் வீச்சின் உச்சியில் நாம் பார்த்த அதே முறுக்கு.

கரணம் என்றால் என்ன என்பதற்குச் சாத்திரம் தரும் விளக்கம் சுருக்கமானது: கையும் காலும் கூடி இயங்குவது கரணம். நடன அறிஞர் பத்மா சுப்ரமணியம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இக்கரணங்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். இவை அசையாத நிலைகள் என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், கல்லில் இருப்பது ஓர் அசைவின் ஒரு கணமே என்றும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள அசைவோடு சேர்த்தால்தான் கரணம் முழுமையாகும் என்றும் அவர் எடுத்துக்காட்டி, ஆடியும் காண்பித்தார். இந்தக் கருத்து எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விளையாட்டிலும் நாம் செய்யும் பிழை இதுதானே? செய்தித்தாளில் வரும் நிழற்படத்தைப் பார்த்து, வீராங்கனை கையை எங்கே வைத்திருக்கிறாள் என்று அதே மாதிரி நின்று பார்க்கிறோம். நிற்பதைக் கற்றுக்கொள்கிறோம், அங்கே வந்து சேர்ந்த வழியைக் கற்பதில்லை.

நடனம் பயிலும் தோழியர் இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எங்களுக்கு எல்லா ஆட்டமும் எளிதுதான்" என்று இருந்துவிட வேண்டாம். அரைமண்டியில் தொடை இரண்டும் வெளிப்புறமாகத் திரும்புகின்றன. பல ஆண்டுகள் பயின்றால் அந்தத் திசையில் இடுப்பு மூட்டு நன்றாக வழங்கும். கோல்ப் வீச்சிலும் ஈட்டி எறிவதிலும் முன்காலின் மேல் உடம்பு சுழலும்போது தொடை உட்புறமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரு திசையில் வளைவதால் மறுதிசையிலும் வளையும் என்று சொல்ல முடியாது. வளைவு மிகுந்தால் எல்லாம் வந்துவிடும் என்பதும் இல்லை. மூட்டுகள் மிகத் தளர்ந்தவர்கள் கோலை வேண்டிய அளவுக்கு மேல் பின்னே கொண்டுபோய், திரும்பி வரும்போது வழி தவறுகிறார்கள். வளையும் மூட்டைப் பிடித்து நிறுத்தத் தசையிலும் வலு வேண்டும்.

ஸ்பெயின் நாட்டின் ஜான் ராம் என்ற ஆட்டக்காரரின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் வலப்பாதம் வளைந்து பிறந்தவர். பிறந்தவுடனேயே காலை முறித்துச் சரிசெய்து கட்டுப்போட்டார்கள். அந்தக் கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டை. கணுக்கால் போதிய அளவு மடங்குவதில்லை. மற்றவர்களைப்போல் கோலை முழுவதும் பின்னே கொண்டுபோனால் அவருக்கு நிலை தவறும். எனவே வீச்சைக் குறுக்கிக்கொண்டார். குறுகிய வீச்சுக்குள்ளேயே இடுப்பை வெகு விரைவாகத் திருப்பப் பழகினார். 2021இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தையும் 2023இல் மாஸ்டர்ஸ் பட்டத்தையும் வென்றார். "ஏன் இவ்வளவு குட்டையாக வீசுகிறீர்கள்?" என்று கேட்டவர்களுக்கு, தம் உடம்பைப் பற்றிச் சொல்லி, பிறரைப் பார்த்து நடிக்காமல் அவரவர் உடம்பை அறிந்து வீசச் சொன்னார். எங்களுள் உயரமானவளும் குட்டையானவளும் பருமனானவளும் ஒல்லியானவளும் ஒரே மாதிரி எறிய வேண்டும் என்று வற்புறுத்தும் பயிற்சியில் எங்களுக்கு நம்பிக்கையில்லாததற்கும் இதுவே காரணம்.

இனி முதுகுக்கு வருவோம். ஏனென்றால் விளையாடவே விளையாடாத தோழியருக்கும் இது சொந்த விஷயம். நம் முதுகெலும்பில் மார்புக்குப் பின்னே 12 எலும்புகள், இடுப்புக்கு மேலே 5 எலும்புகள். அந்த ஐந்தும் முன்னும் பின்னும் மடங்கப் படைக்கப்பட்டவை. பக்கவாட்டில் திரும்ப ஐந்தும் சேர்ந்தாலும் 15 பாகை கிடைப்பதே பெரும்பாடு. மார்புப் பகுதியே அதிகம் திரும்பக் கூடியது. அதற்குத் துணை இடுப்பு மூட்டு. மார்பும் இடுப்பு மூட்டும் விறைத்துப்போனால் உடம்பு சும்மா இருக்காது. "எனக்குத் திரும்ப வேண்டும்" என்று அடம்பிடித்து அந்த ஐந்து எலும்புகளிடமே மீதியைக் கேட்கும். பெரிய வீட்டில் இரண்டு பேர் வேலை செய்யாமல் உட்கார்ந்தால் நடுவில் அகப்பட்டவள் முதுகு ஒடிவதுபோல, அடிமுதுகு மற்றவர்களின் பங்கையும் சுமந்து நோகிறது. கோல்ப் ஆடுவோரை மிகுதியும் வாட்டும் நோவு அடிமுதுகு நோவுதான். உலகப் புகழ் பெற்ற டைகர் உட்ஸ் முதுகில் பலமுறை அறுவை செய்துகொண்டவர். 2017இல் எலும்புகளை இணைத்து அறுவை செய்தார்கள். இனி ஆடுவாரா என்று கேட்டவர்கள் பலர். 2019இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை மீண்டும் வென்றார் என்பது தனிக்கதை.

கோலைத் தொட்டறியாத நமக்கு ஏன் பதினாறு வயதில் முதுகு வலிக்கிறது? காலை ஏழு மணிக்குத் தனிவகுப்பு, ஒன்பது மணி முதல் பள்ளி, மாலையில் மீண்டும் தனிவகுப்பு, இரவில் பாடப்புத்தகம், அது முடிந்தால் கைப்பேசி. எல்லாம் உட்கார்ந்தபடி, தலை குனிந்தபடி. பை ஒரே தோளில். நம் பாட்டிமார் உரலில் இடித்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், முறத்தில் புடைத்தார்கள், தரையில் சப்பணமிட்டு உண்டு கையூன்றாமல் எழுந்தார்கள். அந்த உழைப்பின் கொடுமையை நாங்கள் புகழ வரவில்லை. மிக்ஸியும் கிரைண்டரும் வந்ததற்கு நம் அன்னையர் சார்பில் மகிழ்கிறோம். ஆனால் அந்த வேலைகளோடு அவற்றுள் இருந்த அசைவும் வீட்டைவிட்டுப் போய்விட்டது. போன அசைவுக்கு ஈடாக வேறொன்றை நாம் வைக்கவில்லை.

பெண்பிள்ளைக்கு இன்னொரு தடையும் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நம் உடம்பு வளரத் தொடங்கியதும் சுற்றிலும் அறிவுரைகள் கிளம்புகின்றன. "கையை வீசி நடக்காதே." "காலை அகற்றி உட்காராதே." "ஓடாதே, எல்லாரும் பார்க்கிறார்கள்." சொல்பவர்கள் நம்மேல் அன்புள்ளவர்களே, தெருவில் பார்ப்பவர்களின் கண்ணுக்கு அஞ்சிச் சொல்கிறார்கள். நாமும் தோளை முன்னே குறுக்கி, புத்தகத்தை மார்போடு அணைத்து, சிறு அடியாக நடக்கப் பழகுகிறோம். மூன்று ஆண்டுகள் இப்படி நடந்தபின் வட்டெறியும் வட்டத்துக்குள் நின்று "நன்றாகச் சுழலம்மா" என்றால் உடம்பு எப்படிச் சுழலும்? அடக்கம் பேச்சிலும் நினைவிலும் இருக்க வேண்டியது. அதை இடுப்பு மூட்டிலும் முதுகெலும்பிலும் தேடுவது நமக்குச் சரியாகப் படவில்லை. சிதம்பரத்துக் கோபுரத்தில் கையை வீசி ஆடும் பெண்களைக் கோயில் வாயிலிலேயே வைத்த முன்னோர், அவர்களை அடக்கமற்றவர்கள் என்று கருதியதாகத் தெரியவில்லை.

இந்த நிலையில் இருப்பதும் பறிபோகிறது. பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்ததும் கால அட்டவணையில் உள்ள உடற்கல்வி வகுப்பு பெயரளவுக்கு நின்றுவிடுகிறது. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியை வருவார். கணக்கு முடிந்தால் அறிவியல். ஆசிரியைகள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. பாடம் முடிய வேண்டும், தேர்ச்சி குறையக் கூடாது என்ற பாரம் அவர்கள் தோளில் இருக்கிறது. பெற்றோரும் மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள், எந்தத் தந்தையும் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "என் மகளுக்கு முதுகு திரும்புகிறதா?" என்று கேட்டு நாம் பார்த்ததில்லை. ஆனால் உடம்பு மிகவும் உட்கார்ந்திருக்கும் ஆண்டில்தான் அதற்கு அசைவு மிகவும் தேவை. வாரத்துக்கு இரண்டு வகுப்புகள், 40 நிமிடம் வீதம், அந்தக் கடைசி மாதங்களிலும் வேறெதற்கும் கடன் கொடுக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அதிலும் அணியில் ஆடும் பன்னிரண்டு பேர் ஆட, மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கைதட்டும் வழக்கம் மாற வேண்டும். பதக்கம் வாங்குபவளுக்கு மட்டுமா முதுகெலும்பு இருக்கிறது?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று பெரியோர் கேட்பார்கள். நல்லொழுக்கத்துக்குச் சொன்ன பழமொழி. உடம்புக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஐம்பதிலும் மெதுவாக, பொறுமையாகப் பழகினால் உடம்பு வளைகிறது. பதினைந்தில் இருக்கும் நமக்கு இன்னும் வெகு எளிது. தினமும் சிறிது நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூச்சு முட்டச் செய்துவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பதில் பயனில்லை. குளிர்ந்த உடம்பை வெடுக்கென்று இழுப்பதும் கூடாது. முதலில் சற்று ஓடியோ கயிறு தாண்டியோ உடம்பில் சூடேற்றிக்கொண்டு பிறகு வளைக்க வேண்டும். வலி எடுத்தால் நிறுத்திவிட வேண்டும். பக்கத்துத் தோழி இன்னும் அதிகம் வளைகிறாளே என்று போட்டி போடுவது ஆபத்து.

அவரவர் நிலையை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வகுப்பு பெஞ்சியில் நிமிர்ந்து உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படியட்டும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு நோட்டுப்புத்தகத்தை இடுக்கிக்கொள்ளுங்கள். அது நழுவினால் இடுப்பு ஏமாற்றுகிறது என்று பொருள். ஒரு துடைப்பக்கட்டையை மார்புக்குக் குறுக்கே வைத்து இரு கைகளாலும் அணைத்துப் பிடித்து, வலப்புறம் எவ்வளவு திரும்ப முடியும், இடப்புறம் எவ்வளவு என்று பாருங்கள். 45 பாகை, அதாவது நேர்முகத்துக்கும் பக்கவாட்டுக்கும் சரிபாதி, திரும்பினால் மார்பு நன்றாக இயங்குகிறது. அடுத்து உயரமான மேசைமேல் அமர்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். தொடை அசையாமல் ஒரு பாதத்தை மட்டும் வெளிப்புறமாக உயர்த்துங்கள். இடுப்பு மூட்டு உட்புறமாகத் திரும்பும் அளவு அதில் தெரியும். பிறகு மறுகால். இரண்டும் ஒரே அளவா என்று தோழி எதிரே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு நாமே பார்த்தால் மனம் சலுகை காட்டும். எங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்த்த அன்று, பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டுகிறவர்கள் யார் என்பதைப் பற்றி வெகுநேரம் பேச்சு நடந்தது. துடைப்பக்கட்டையை மட்டும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மாலையில் பெருக்க வரும் ஆயா அதைத் தேடுவார்.